வேளாண் உதவித்தொகையில் வெளிநாடு போகிறவர் ஊர் சுற்றலாமா?

கேள்வி இது: “ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளியும் முருங்கையும் போடும் குடும்பம் எங்களுடையது. கோவையில் பி.எஸ்சி. வேளாண்மை முடித்தேன். நெதர்லாந்தின் வாகெனிங்கன் பல்கலைக்கழகத்தில் தாவர அறிவியல் முதுநிலைப் படிப்புக்கு முழு உதவித்தொகை கிடைத்து, ஆகஸ்டில் புறப்படுகிறேன். படிப்பை மட்டும் பார், ஊர் சுற்றாதே என்கிறார் அப்பா. நாலு இடம் பார்த்து நாலு பேரைப் பழகாவிட்டால் போனதே வீண் என்கிறார்கள் சீனியர்கள். எனக்குப் புது ஆட்களிடம் பேசவே கூச்சம். என்ன செய்வது?”

என் வாக்கு சீனியர்களுக்குத்தான். ஆனால் ஒரு நிபந்தனை: புறப்படும்போதே உங்கள் கையில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். போகிற இடமெல்லாம் அதே கேள்வி. அது இருந்தால் அப்பாவின் கவலைக்கும் பதில் கிடைத்துவிடும், உங்கள் கூச்சத்துக்கும் பாதி மருந்து கிடைத்துவிடும்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நீங்கள் போகிற அதே ஊருக்கு 1949இல் நம் கும்பகோணத்துக்காரர் ஒருவர் யுனெஸ்கோ உதவித்தொகையில் போனார். எம்.எஸ். சுவாமிநாதன். அவர் கையில் இருந்தது உருளைக்கிழங்கு. சாகுபடிக் கிழங்கின் காட்டு உறவினங்களில் இருக்கும் எதிர்ப்புத் தன்மையைப் பயிருக்குள் கொண்டுவருவது எப்படி என்பதுதான் அவருடைய வேலை. வாகெனிங்கனில், வேரைத் தாக்கும் நூற்புழுவுக்கு எதிர்ப்பு. 1950இல் கேம்பிரிட்ஜுக்குப் போனார், 1952இல் முனைவர் பட்டம். அதுவும் கிழங்கு இனங்களைப் பற்றித்தான். பிறகு அமெரிக்காவின் விஸ்கான்சின், அங்கே உறைபனியைத் தாங்கும் கிழங்கு. மூன்று நாடு மாறியும் கேள்வியின் நூல் அறுபடவில்லை. போன இடங்களில் அவரை ‘இந்திய மாணவர்’ என்று பார்த்ததைவிட ‘கிழங்கைப் பற்றிக் கேட்கிறவர்’ என்று பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம். 1954இல் நாடு திரும்பினார்.

அவர் கதையில் இன்னொரு இடத்தை எல்லோரும் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். குட்டைக் கோதுமை வேண்டுமென்று அவர் தேடியபோது முதலில் எழுதியது போர்லாக்குக்கு அல்ல, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த ஆர்வில் வோகல் என்ற கோதுமை ஆராய்ச்சியாளருக்கு. என்னுடையது குளிர்காலக் கோதுமை, உங்கள் ஊருக்குச் சரிப்படாது, மெக்சிகோவில் நார்மன் போர்லாக் என்று ஒருவர் வைத்திருக்கும் ரகங்கள்தான் பொருந்தும், அவருக்கு எழுதுங்கள் என்று வோகல் வழிகாட்டினார். 1963 மார்ச்சில் போர்லாக் இந்தியா வந்தார். அதற்கப்புறம் நடந்த பசுமைப் புரட்சி பாடப் புத்தகத்தில் இருக்கிறது. நெட்வொர்க்கிங் என்று மேடை போட்டுப் பேசுகிறார்களே, அதில் பெரும்பகுதி இதுதான்: முதல் ஆளிடம் நமக்கு வேண்டியது இருக்காது, ஆனால் யாரிடம் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். எந்தச் சந்திப்பிலும் எழுந்து வரும்முன், “நான் அடுத்து யாரைப் பார்க்க வேண்டும்?” என்று கேட்டுவிடுங்கள். பெயர் கொடுத்தால், “நீங்கள் சொன்னதாக எழுதலாமா?” என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, உங்கள் கேள்வி எது? ஒட்டன்சத்திரத்துப் பெண்ணுக்கு அதை நான் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு கிலோ தக்காளிப் பெட்டியின் விலை பறிப்புக் கூலிக்குக்கூடக் காணாமல் போகிற வாரங்களை நீங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். அதனால் ஒரு வரியில் இப்படி வைத்துக்கொள்ளலாம்: “இந்தத் தக்காளியின் விலை எந்த நாளில், யாரால் முடிவானது?” செடி நடும் முன்பா, பறித்த பின்பா, வண்டி ஏறிய பின்பா? விவசாயி, விதை விற்பவர், கூட்டுறவுச் சங்கத்துக்காரர், பேராசிரியர், லாரி ஓட்டுநர் என்று யாரிடமும் கேட்கலாம். இலக்கணம் பிசகினாலும் புரியும். அவரவர் பதில் வேறாக இருக்கும், அதில்தான் உங்களுக்குச் சரக்கு. வேறு கேள்வி தோன்றினால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஐரோப்பிய விவசாயத்தைத் தெரிந்துகொள்ள வந்தேன்’ என்பது மட்டும் கேள்வி ஆகாது. அதற்கு எதிராளி ஒரு நிறுவனக் கையேட்டை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

இந்தக் கேள்வியோடு நெதர்லாந்துக்குள்ளேயே பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு. வடக்கே ப்ரூக் ஆப் லாங்கெடைக் என்ற ஊரில் 1887இல் ஒரு விவசாயி தன் காலிஃபிளவரை வியாபாரிகளிடையே ஏலம் விட்டார். அங்கிருந்துதான் அந்த நாட்டின் காய்கறி ஏல முறை வளர்ந்தது. சரக்கேற்றிய படகுகள் ஏலக் கூடத்துக்குள்ளேயே மிதந்து வரும். அந்தக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். நம் மண்டியில் கூவக் கூவ விலை ஏறும். அங்கே கடிகார முள் மேலிருந்து இறங்கிக்கொண்டே வரும், முதலில் நிறுத்துகிறவருக்குச் சரக்கு. பூவுக்கு இந்த முறை ஆல்ஸ்மேர் என்ற ஊரில் இன்னும் நடக்கிறது, விடியற்காலையில் போனால் மேலிருந்து பார்க்கலாம். காய்கறிக்கோ பெரும்பாலும் போய்விட்டது. 1996இல் ஒன்பது ஏல அமைப்புகள் ஒன்றாகச் சேர்ந்து ‘த கிரீனரி’ என்ற விற்பனைக் கூட்டுறவு நிறுவனமாயின. சூப்பர் மார்க்கெட்டுகள் பெரிதானபோது அன்றாட ஏலத்தைவிட நேரடி ஒப்பந்தம் இரு பக்கமும் வசதியாகிவிட்டது. ஏலம் இருந்தால் நியாய விலை கிடைக்கும் என்று நம் ஊரில் நினைக்கிறோம். ஏலத்தைக் கரைத்துக் குடித்த நாடு அதை ஏன் கைவிட்டது என்று அந்த ஊர் விவசாயிகளின் வாயால் கேட்டு வாருங்கள். வகுப்பில் இது இரண்டு ஸ்லைடில் முடிந்துவிடும்.

அப்புறம் ஸ்பெயின். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நெதர்லாந்தில் படிக்கிற நம் பிள்ளைகள் வெஸ்ட்லாந்து என்ற பகுதியின் கண்ணாடிக் குடில்களைப் பார்த்துவிட்டு, ‘இதெல்லாம் நம்மால் ஆகாது’ என்று பெருமூச்சு விட்டபடி ஊர் திரும்புகிறார்கள். ஆகாதுதான். கணினி, வெப்பமூட்டல், கரியமில வாயு ஊட்டுதல் எல்லாம் சேர்ந்த அந்த முதலீட்டை நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆனால் தெற்கு ஸ்பெயினின் அல்மேரியா மாகாணத்தில் 30,000 ஹெக்டேருக்கு மேல் பிளாஸ்டிக் குடில்கள் இருக்கின்றன. பெரும்பாலும் இரண்டு மூன்று ஹெக்டேர் வைத்திருக்கும் குடும்பங்கள். குடிலின் சட்டகம் திராட்சைப் பந்தலிலிருந்து வந்தது. கம்பமும் கம்பியும் இழுத்து மேலே பிளாஸ்டிக் போட்டார்கள், அவ்வளவுதான். பாகல், புடலைக்குப் பந்தல் போட்ட கை உள்ளவருக்கு அது சட்டென்று புரியும். விற்பனையும் அங்கே இரண்டு வழியில் நடக்கிறது: அல்ஹோண்டிகா எனும் தனியார் ஏலக் கூடங்கள் ஒரு பக்கம், கூட்டுறவுகள் இன்னொரு பக்கம். பக்கத்துப் பக்கத்து நிலத்துக்காரர்கள் வேறு வேறு வழியில் விற்பார்கள். உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல இடம் ஐரோப்பாவில் இருக்கிறதா என்பது சந்தேகம்.

எப்போது போவது என்பதும் முக்கியம். அல்மேரியாவில் கோடை முடிவில் நட்டு, குளிர்காலம் முழுக்கப் பறிப்பார்கள். ஜூலை, ஆகஸ்டில் போனால் காலிக் குடிலும் வெயிலும்தான். நெதர்லாந்தில் செயற்கை விளக்கில்லாத குடில்களில் புத்தாண்டையொட்டி நட்டு, வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை பறிப்பு. ஐரோப்பியச் சந்தையை இந்த இரண்டு பகுதிகளும் காலம் பிரித்து நிரப்புகின்றன. அதனால் ஸ்பெயினுக்கு ஜனவரி, பிப்ரவரி. டச்சுக் குடில்களுக்கு மே, ஜூன். மலாகா வரை மலிவு விமானம் கிடைக்கும், அங்கிருந்து பேருந்து. அல்மேரியாவின் எல் எஹிதோ ஊரில் கஹமார் என்ற கூட்டுறவு வங்கி நடத்தும் ஆராய்ச்சிப் பண்ணை 1975 முதல் இயங்குகிறது. ஒரு விவசாய வங்கி ஏன் தனக்கென்று சோதனைப் பண்ணை வைத்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், அரை நாள் பேசுவார்கள். போகும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: முதலாளியோடு மட்டும் நடந்தால் பாதிதான் தெரியும். அங்கே பறிப்பவர்கள் பெரும்பாலும் மொராக்கோவிலிருந்தும் ஆப்பிரிக்காவின் மற்ற நாடுகளிலிருந்தும் வந்தவர்கள், பலர் குடில்களுக்கு நடுவே தகரக் கொட்டகைகளில் இருக்கிறார்கள். நிலத்தடி நீரும் கீழே போய்க்கொண்டிருக்கிறது. மலிவுத் தக்காளியின் கணக்கில் இவையும் உண்டு.

இனி அணுகுவது எப்படி? மின்னஞ்சல்தான். பாடப் பிரிவு முகவரியிலிருந்து, ஆறேழு வரிக்குள். யார் நீங்கள், என்ன கேள்வி, ஏன் அவரிடம் (அவருடைய கட்டுரையோ பண்ணையோ, எதைப் பார்த்து எழுதுகிறீர்கள்), எத்தனை நிமிடம் வேண்டும், எந்த இரண்டு நாட்களில் வர முடியும். ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தில்’ என்று நாம் பழகிய முன்னுரை வேண்டாம். டச்சுக்காரர்களுக்கு அது சந்தேகத்தைத்தான் கிளப்பும். ‘என் அப்பா தக்காளி விவசாயி’ என்ற வரியை மட்டும் விடாதீர்கள். பேராசிரியர் பட்டம் திறக்காத கதவை அந்த வரி திறக்கும், குறிப்பாக விவசாயிகளிடம். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘முடியாது’ என்று ஒற்றை வரி வந்தால் அதில் கோபமோ அவமதிப்போ இல்லை. அவர்கள் பேச்சே அப்படி. சந்திப்பு பத்து மணிக்கு என்றால் பத்துக்கு. வாகெனிங்கனில் ரயில் நிலையம் கிடையாது, ஏடே-வாகெனிங்கன் நிலையம் வரை பேருந்தில் போய்த்தான் ரயில் ஏற வேண்டும் என்பதால் அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

தக்காளி ஆள் என்பதால் உங்களுக்குத் தனி எச்சரிக்கை. பழத்தைச் சுருக்கும் ‘ரூகோஸ்’ வைரஸ் 2014இல் இஸ்ரேலில் முதலில் தென்பட்டது, 2019இல் நெதர்லாந்துக் குடில்களிலும் வந்தது. கை, துணி, கத்தி என்று தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொண்டு பரவும். அதனால் வளர்ப்போர் வெளியாட்களை உள்ளே விடவே தயங்குவார்கள். விட்டால் மேலங்கி, கையுறை, காலணி உறை, கிருமிநாசினி எல்லாம் உண்டு. ஒரே நாளில் இரண்டு தக்காளிக் குடிலுக்குத் திட்டம் போடாதீர்கள். போகும் அன்று காலையில் தக்காளி வெட்டிச் சமைக்காதீர்கள். இதையெல்லாம் மின்னஞ்சலிலேயே நீங்கள் முந்திச் சொல்லிவிட்டால், ‘இந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியும்’ என்று அவர் நினைப்பார். உள்ளே போய்ப் பேச முடியாத இடத்தில் வாசலில் காபி குடித்தபடி பேசிவிட்டு வரலாம், அதுவும் சந்திப்புதான். பன்றி, கோழிப் பண்ணைகளிலும் இதே மாதிரி கெடுபிடி உண்டு. விதை நிறுவனத்தின் சோதனை வயலில் கேட்காமல் படம் எடுக்கவே கூடாது.

கூச்சத்துக்கு வருகிறேன். பேச்சு வராதவர்களுக்குப் பெரிய கூட்டத்தில் அட்டை நீட்டுகிற வேலை ஒத்துவராது. அதைச் செய்யவும் வேண்டாம். உங்களிடம் கொடுப்பதற்குச் சரக்கு இருந்தால் பேச்சு தானாக வரும். எடுத்துக்காட்டாக, தக்காளி ஊசிப்புழு தென் அமெரிக்காவிலிருந்து 2006இல் ஸ்பெயினுக்கு வந்தது, 2014இல் இந்தியாவில் பதிவானது. அல்மேரியாக்காரர்கள் அதை இரை தின்னும் நாவாய்ப் பூச்சிகளை விட்டுச் சமாளிக்கிறார்கள். திறந்த வெளியில், பக்கத்து வயலில் யார் என்ன மருந்து அடிக்கிறார் என்றே தெரியாத ஒட்டன்சத்திரத்தில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. கேட்க ஆசைப்படுவார்கள். சுண்டைக்காய்ச் செடியில் கத்தரியை ஒட்டுக் கட்டுவதைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள், ஒட்டு நாற்றில் ஊறிய டச்சு நாற்றங்கால்காரர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்கள். உங்கள் செல்போனில் வீட்டு வயல், மண்டி, பெட்டி கட்டுவது, சாலையோரம் கொட்டியது எனப் பத்துப் படங்களை ஒரே தொகுப்பாக வைத்திருங்கள். வாய் திக்கும்போது படத்தைக் காட்டலாம்.

கண்காட்சிகளில் பிப்ரவரியில் பெர்லினில் நடக்கும் காய்கனி வணிகத்துக்கான ஃப்ரூட் லாஜிஸ்டிகா, ஜூனில் ஆம்ஸ்டர்டாமில் குடில் தொழில்நுட்பத்துக்கான கிரீன்டெக் இரண்டும் உங்கள் துறைக்கு. முதல் நாள் கடைக்காரர்களுக்கு வியாபாரம். மாணவரோடு நின்று பேச அவர்களுக்கு நேரமிருக்காது. கடைசி நாள் பிற்பகல் கால் வலித்து உட்கார்ந்திருப்பார்கள், அப்போது போங்கள். ஆராய்ச்சிப் பக்கம் என்றால் ட்ரோபென்டாக். வெப்பமண்டல வேளாண்மைக்கான மாநாடு, ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் ஜெர்மனி, செக், ஆஸ்திரியப் பல்கலைக்கழகங்கள் மாற்றி மாற்றி நடத்துவது. ஆய்வை ஒரு பெரிய தாளில் எழுதிச் சுவரில் மாட்டும் மாணவர் போஸ்டர்களுக்கு அங்கே மரியாதை உண்டு. கூச்சப்படுகிறவருக்குப் போஸ்டர் நல்ல ஏற்பாடு, நீங்கள் யாரிடமும் போக வேண்டாம், ஆட்கள் உங்களிடம் வருவார்கள். நுழைவுக் கட்டணம் அதிகம் என்று தோன்றினால் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். பதிவு மேசையில் உட்கார்ந்து பெயரட்டை கொடுக்கிறவருக்கு வந்தவர்கள் அத்தனை பேரின் முகமும் தெரியும்.

பெரியவர்களைத் தேடுவதில் வகுப்புத் தோழர்களை விட்டுவிடாதீர்கள். எத்தியோப்பியா, மெக்சிகோ, இந்தோனேசியா, கென்யா என்று உங்களோடு ஆய்வகக் குறிப்பு எழுதுகிறவர்கள் பத்து வருடத்தில் அவரவர் நாட்டு அமைச்சகத்திலும் விதை நிறுவனத்திலும் முடிவெடுக்கிற இடத்தில் இருப்பார்கள். எனக்கு இன்றுவரை வேலைக்கு ஆகிற அறிமுகங்களில் பேராசிரியர்கள் குறைவு, தாழ்வாரத்துச் சமையலறையில் பழகியவர்கள்தான் அதிகம். நம் ஆட்கள் சேர்ந்து சாம்பார் வைப்பதை நான் குறை சொல்லவில்லை, குளிர்காலத்தில் அது இல்லாமல் முடியாது. வாரத்தில் ஒரு நாளாவது அந்தச் சாம்பாருக்கு ஒரு பெரு நாட்டுக்காரரையும் அழையுங்கள். தக்காளியின் காட்டு உறவுகள் அவர் ஊர்ப் பக்கம்தான் மலையில் வளர்கின்றன.

சந்தித்த அன்றே மூன்று வரி எழுதி அனுப்ப வேண்டும்: நன்றி, நான் புரிந்துகொண்டது இது, நீங்கள் சொன்ன இன்னாருக்கு எழுதுகிறேன். ஆறு மாதம் கழித்து, அவர் சொன்னதால் என்ன ஆனது என்று இன்னொரு மடல். பெரும்பாலானவர்கள் இந்த இரண்டாவது மடலை எழுதுவதில்லை. உதவி செய்த எவருக்கும் அதன் முடிவைத் தெரிந்துகொள்ள ஆசை இருக்கும், சொல்கிற ஆள் கிடைத்தால் மறக்கமாட்டார். லிங்க்ட்இன்னில் சேர்த்துவிட்டால் தொடர்பு முடிந்தது என்று நினைப்பது சோம்பேறித்தனம்.

எழுதுவதைப் பற்றிப் பேசும்போது, நஃபீல்டு விவசாய உதவித்தொகையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1947இல் பிரிட்டனில் தொடங்கியது. சைக்கிள் பழுதுபார்க்கும் கடையிலிருந்து மோரிஸ் கார் கம்பெனி வரை வளர்ந்த லார்டு நஃபீல்டின் பெயரில் இருப்பது. பிறகு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று பரவியது. பட்டப் படிப்புக்கு அதில் பணம் கிடையாது. வேலை செய்துகொண்டிருக்கும் விவசாயி ஒருவர் ஒரே தலைப்பை எடுத்துக்கொண்டு பல வாரம் நாடு நாடாகப் பயணம் செய்ய வேண்டும், திரும்பி வந்து அறிக்கை எழுத வேண்டும், அதை மற்ற விவசாயிகள் முன்னால் நின்று சொல்ல வேண்டும். அந்த அறிக்கைகளில் ஏராளமானவை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் உதவித்தொகை பயண அறிக்கை கேட்காது. இருந்தாலும் ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு பக்கம் எழுதுங்கள், ஒன்று ஆங்கிலத்தில் நீங்கள் சந்தித்தவர்களுக்கு, ஒன்று தமிழில் அப்பாவுக்கும் அவர் மண்டி நண்பர்களுக்கும். ஊர் சுற்றுகிறாள் என்ற பேச்சு இரண்டாவது கடிதத்தோடு நின்றுவிடும்.

பணமும் காகிதமும்: டச்சுக் குடியிருப்பு அனுமதி அட்டையும் பாஸ்போர்ட்டும் சேர்த்துக் கையில் இருந்தால் ஒரே விசா ஒப்பந்தத்தில் உள்ள மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள் வரை தனி விசா இல்லாமல் சுற்றலாம். பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் தனி விசா, அதற்கு நேரமும் பணமும் போகும். முதல் வருடம் அதை விட்டுவிடலாம். ரயிலில் நெரிசல் நேரம் தவிர்த்த பயணத்துக்கு 40 சதவீதம் தள்ளுபடி தரும் மாதச் சந்தா உண்டு, போனவுடன் எடுத்துவிடுங்கள். இரண்டாம் வருடத்தில் இன்டர்ன்ஷிப் வரும். பெரிய பயணத்தை அதில் அடக்கிவிட்டால் கைக்காசு மிச்சம், படிப்பிலும் கணக்காகும். உதவித்தொகை ஒப்பந்தத்தில் நீண்ட நாள் வெளியூர் போவதற்கு அனுமதி வாங்கச் சொல்லியிருக்கிறதா, உங்கள் மருத்துவக் காப்பீடு மற்ற நாடுகளில் செல்லுமா என்ற இரண்டையும் கையெழுத்துப் போடும்முன் படித்துவிடுங்கள்.

கடைசியாகப் பெட்டி கட்டுகிற விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணி கொண்டுபோகும் பழம், காய், செடிக்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், துரியன் மட்டும் விலக்கு. பால், இறைச்சிப் பொருட்களுக்கு அனுமதியே இல்லை, அதனால் அம்மா காய்ச்சின நெய் வேண்டாம். விதையில்தான் நம் பிள்ளைகள் அசட்டையாக இருக்கிறார்கள். நாட்டுத் தக்காளியையோ மாப்பிள்ளைச் சம்பாவையோ ஒரு பிடி எடுத்துப்போய் அங்குள்ள ஆய்வகத்தில் கொடுத்தால் பெருமை என்று நினைக்கிறார்கள். இந்தியாவின் பல்லுயிர்ச் சட்டம் 2002இன்படி ஆராய்ச்சிக்காக விதை போன்ற மரபு வளத்தை வெளிநாட்டாரிடம் கொடுப்பதற்கு தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். ஆணையத்தின் தலைமையகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. உங்கள் ஆய்வுக்கு உண்மையிலேயே நம் ஊர் விதை தேவைப்பட்டால், வழிகாட்டிப் பேராசிரியரை வைத்து முறையாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மாதக் கணக்கில் ஆகும் என்பதால் முதல் வருடமே தொடங்குங்கள். ஆகஸ்டுக்குள் அதெல்லாம் நடக்காது. மிச்சமிருக்கும் வாரங்களில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தினமும் காலையில் போய், அன்றைய தக்காளி வரத்தையும் பெட்டி விலையையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அப்பாவிடம் பழைய கமிஷன் கடைச் சீட்டுகள் இருந்தால் அவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.